எட்டு ஐம்பது பஸ்

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. அபியைக் காலையில் மாப்பிள்ளை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். கல்யாணமாகி வருகிற முதல் ஆடி. ஒரு மாதம் பெண் தாய்வீட்டில் இருக்க வேண்டும், ஆவணி பிறந்ததும் அவர் வந்து அழைத்துப் போவார். சென்னையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை என்றாலும் வழக்கத்தை மதித்து விருதுநகர்வரை காரை ஓட்டி வந்திருக்கிறார். நான் பார்த்த மாப்பிள்ளை அப்படித்தான் இருப்பார்.

வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டேன். சாப்பிட்டுவிட்டு, "சாம்பார்ல உப்பு சரியா இருக்கு அத்தை" என்றார். என்னிடம் சொன்னார், ஆனால் அபியைப் பார்த்துச் சொன்னார். என் கைப்பக்குவம் மகளுக்கு வரவில்லை என்று ஜாடை போல. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன மாதம் தபால் ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனபோது சந்தன மாலையோடு இந்த டைரியைக் கொடுத்தார்கள். பாதி வருடம் போன டைரி. எங்கள் ஆபீஸ் புத்தி அது. மிச்சப் பக்கங்களையாவது வீணாக்காமல் எழுதுவோம்.

ஜூலை 19, வெள்ளி

அபிக்கு வீட்டிலிருந்தே வேலை. காலை பத்து மணிக்கு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தால் மாலை ஆறு. நடுவில் போன் மணி அடித்தால் திடுக்கிடுகிறாள். வேலைப் பளு.

மதியம் சாப்பிடும்போது, ஏன் நின்றுகொண்டே சாப்பிடுகிறாய் என்று கேட்டாள். பழக்கம் என்றேன். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் ஒரு யோசனை சொன்னாள். அவள் குழந்தையாக இருந்தபோது நான் பார்த்த பழைய படங்களையெல்லாம் கதையாகச் சொல்லித்தான் சோறு ஊட்டினேன். என் அப்பா என்னையும் அண்ணனையும் சாத்தூர் கொட்டகைக்குக் கூட்டிப்போய்க் காட்டிய படங்கள். அதெல்லாம் இப்போது யூடியூபில் கிடக்கின்றனவாம். உட்கார்ந்து பார்ப்போம், நீ சொன்ன அளவுக்கு நன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும் என்றாள். இந்தக் காலத்துப் படம் மாதிரி இருட்டில் முனகிக்கொண்டிருக்காது, வசனம் ஒவ்வொன்றும் மணியாய் விழும் என்று சவால் விட்டேன்.

ஜூலை 20, சனி

கேஸ் வந்தது. முருங்கைக்காய் கட்டு முப்பது ரூபாய் என்றான், வாங்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

நேற்று 'தேரடி வீதித் திருடன்' பார்த்தோம். ஏழு வயதில் பார்த்தது. மனசு சரியில்லை.

முதலில் சின்ன விஷயம். கதாநாயகன் சண்டை போடும்போது வயிறு குலுங்குகிறது. கண்ணில் மையிட்டிருக்கிறான். இவனையா சுவரில் ஒட்டிவைத்துக் கும்பிட்டேன் என்று இருந்தது. போகட்டும். இடைவேளைக்கு முன்னால் கதாநாயகி பேண்ட் போட்டுக் கார் ஓட்டி வருகிறாள். அவன் பளாரென்று அறைகிறான். மறுநாள் அவள் புடவை கட்டி, பூ வைத்து வந்து மன்னிப்புக் கேட்டு, டூயட் பாடுகிறாள். கொட்டகையில் அந்த இடத்தில் விசில் பறக்கும். நானும் கை தட்டியிருக்கிறேன். அபி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். பாட்டு முடிந்துதான் வந்தாள்.

பெரிய விஷயம் முடிவு. நான் அபிக்குச் சொன்னது இது: திருடன் கோர்ட்டில் சரணடைகிறான், நீதிபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுதலை செய்கிறார், எல்லாரும் சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நீதிபதியின் வெள்ளை மீசைகூட எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் நேற்று பார்த்ததில் கோர்ட்டே இல்லை. போலீஸ் சுட்டு, தேரடியில் அம்மா மடியில் செத்துப்போகிறான். சுபம்கூடப் போடவில்லை.

யூடியூப்காரன் மாற்றிவிட்டான் என்றேன். அபி விழுந்து விழுந்து சிரித்தாள். வந்து ஐந்து நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

ஜூலை 26, வெள்ளி

அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அபி வரவில்லை. மாப்பிள்ளை வீடியோ காலில் வருவாராம், அறையில் இருக்க வேண்டுமாம். பொறுப்பான பிள்ளை, தினம் மூன்று முறை கூப்பிடுகிறார். என் வீட்டுக்காரர் முப்பத்து மூன்று வருஷத்தில் ஒருநாள்கூட ஆபீஸுக்குப் போன் போட்டு என்னை விசாரித்ததில்லை.

ஜூலை 28, ஞாயிறு

இன்று 'செவ்வந்தி எடுத்த சபதம்'. பக்திப் படம். இதிலாவது என் மானம் காப்பாற்றப்படும் என்று நம்பினேன்.

செவ்வந்தியை அவள் புருஷன் இன்னொருத்திக்காக வீட்டைவிட்டுத் துரத்துகிறான். அவன் மனம் திருந்தி வரும்வரை உப்பில்லாமல் சாப்பிடுவேன் என்று அம்மன் சன்னதியில் சபதம் எடுக்கிறாள். எனக்குத் தெரிந்த முடிவு: இடி இடிக்கிறது, அவன் கண் திறக்கிறது, காலில் விழுகிறான், இரண்டு பேரும் சேர்ந்து பொங்கல் வைக்கிறார்கள். இன்று பார்த்தால், அம்மன் வந்து அவனைச் சூலத்தால் ஒரே குத்து. செவ்வந்தி அழவில்லை. பானையில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுச் சாப்பிட உட்காருகிறாள்.

அபி கை தட்டினாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. புருஷன் செத்ததற்குக் கை தட்டுகிற பிள்ளையை இன்றுதான் பார்க்கிறேன் என்றேன். அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள்.

ஆனால் எனக்குத் தலை சுற்றுகிறது. ஒரு படம் என்றால் மறதி. இரண்டு படம்?

ஜூலை 29, திங்கள்

கோயம்புத்தூரில் இருக்கிற அண்ணனுக்குப் போன் செய்து கேட்டேன். தங்கமாரி அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். எடுத்த எடுப்பில் சிரித்தான்.

"நம்ம எந்தப் படத்த முழுசாப் பாத்தோம்? ஊருக்குக் கடைசி பஸ்ஸு எட்டு அம்பது. விட்டா ஏழு மைல் நடக்கணும். எட்டு நாப்பதுக்கு அப்பா நம்ம தொடையில தட்டுவாரு, எந்திரிச்சிருவோம். மிச்சத்த பஸ்ஸுல வெச்சுச் சொல்லுவாரு. மறந்துட்டியா புள்ள?"

அப்பாவுக்கு எப்படி மிச்சக் கதை தெரியும் என்று கேட்டேன். வியாழக்கிழமைதோறும் அவர் சாத்தூர் மண்டிக்கு வத்தல் மூட்டை கொண்டுபோவார். மூட்டையைப் போட்டுவிட்டுத் தனியாக மேட்னி பார்த்துவிடுவாராம், பிள்ளைகளுக்கு ஆகுமா ஆகாதா என்று. பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை எங்களைக் கூட்டிப்போவார். முடிவை ஏன் மாற்றினார் என்றேன். படத்தில் யாராவது செத்தால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காதாம். அதனால் யாரையும் சாகவிட மாட்டாராம்.

பஸ் நினைவு இருக்கிறது. கூட்டம், டீசல் நாற்றம், அப்பாவின் மடி, துண்டில் வத்தல் நெடி. ஆனால் அந்த நீதிபதியை நான் பார்த்தேன். அது வெறும் அப்பா சொன்னது என்றால் என் கண் இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தது?

அபியிடம் சொன்னேன். அந்தக் காலத்து டைரக்டர்களைவிட உன் தாத்தா கெட்டிக்காரர் என்று பெருமையும் அடித்துக்கொண்டேன். உண்மையிலேயே நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. மகள் அழக் கூடாது என்று படத்தையே மாற்றிய அப்பா எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆகஸ்ட் 2, வெள்ளி

அபி இன்று ஒரு விஷயம் சொன்னாள். எழுதத்தான் வேண்டும்.

மாப்பிள்ளைக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாராம். கதவைத் திறந்து, வெளியே நில் என்பாராம். மூன்றாம் மாடி. லிப்டுக்கு எதிர்ப்பக்க வீடு. இவள் வெளியே போனதும் கதவைச் சாத்திக்கொள்வார். சரியாக ஒரு மணி நேரம் கழித்துத் திறப்பார். முதல் தடவை சாம்பாரில் உப்பு கூடிப்போனதற்கு. பிறகு துண்டு காயாததற்கு. ஒருமுறை காரணமே சொல்லவில்லை. இந்த ஆறு மாதத்தில் பதினொரு தடவை.

"லிப்ட் தொறக்கும்போதெல்லாம் போன்ல பேசற மாதிரி நடிப்பேன்மா. பக்கத்து வீட்டுக் கொழந்தை ஒருநாள் கேட்டுச்சு, ஆன்ட்டி நீங்க ஹோம்வொர்க் பண்ணலையான்னு."

அடிக்கிறாரா என்று கேட்டேன். இல்லை. குடிக்கிறாரா? இல்லை. பின்னே என்ன என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

சமாதானமாக என் கதையைச் சொன்னேன். நானும் கல்யாணமாகி மூன்றாம் மாதம் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தவள்தான். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என்னை மட்டும் சாத்தூருக்கு ஒரு படத்துக்குக் கூட்டிப்போனார். 'மறுவீட்டு அழைப்பு'. என்னை மாதிரியே கோபித்துக்கொண்டு வந்த ஒரு பெண்ணின் கதை. கடைசியில் அவளே திரும்பிப் போகிறாள், புருஷன் வாசலில் காத்திருந்து தன் கையால் முதல் கவளம் ஊட்டுகிறான். மறுநாள் முதல் பஸ்ஸில் நானே கிளம்பிவிட்டேன். அதன் பிறகு ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டு வாசல் தாண்டவில்லை என்றேன்.

படத்தின் பெயரை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

முதல் நாள் அவர் உப்பைப் பற்றிச் சொன்னது இப்போது நினைவுக்கு வருகிறது. அதை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம். அபிக்குத் தாலி பிரித்துப் புது மஞ்சள் கயிற்றில் கோர்த்துக் கட்டினேன். கழுத்தைக் காட்டினாள். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அபிக்கு நாள் முழுக்க மீட்டிங். நான் மட்டும் உட்கார்ந்து 'மறுவீட்டு அழைப்பு' பார்த்தேன்.

மட்டமான படம். காமெடி என்ற பெயரில் ஒருத்தன் மரத்திலிருந்து நான்கு தடவை விழுகிறான். இரண்டு மணி நேரம் சும்மா இழுக்கிறார்கள். நாங்கள் எந்த இடத்தில் எழுந்தோம் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். அவள் கையில் பெட்டியோடு புருஷன் வீட்டுத் தெருவில் நடந்து வருகிறாள், வேப்பமரம் தெரிகிறது. அங்கேதான் அப்பா தொடையில் தட்டினார்.

அதற்குப் பிறகு இருப்பது இது. அவள் வாசலுக்கு வருகிறாள். அவன் உள்ளே ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிறான். எழுந்திருக்கவில்லை. "வந்துட்டியா, போய் உலை வை" என்கிறான். அவள் படியில் நிற்கிறாள். வெகுநேரம் நிற்கிறாள். பிறகு இடுப்பிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்துப் படியில் வைத்துவிட்டுத் திரும்பி நடக்கிறாள். ஸ்டேஷன். ரயில். ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள், நாற்காலியில் உட்கார்ந்து. சுபம்.

அந்தக் கடைசி அரை மணியை மூன்று தடவை பார்த்தேன்.

என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. செத்து நான்கு வருஷமாகிறது, குறை சொல்லக் கூடாது. அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். அவர் வீட்டில் இருக்கும்போது நான் உட்காரக் கூடாது. அவ்வளவுதான். மற்றபடி ஒரு கை ஓங்கியதில்லை. அபி வயிற்றில் இருந்தபோது ஒன்பதாம் மாதமும் நின்றேன். ஆபீஸில்தான் உட்காருவேன், அதனால் லீவு போடவே மாட்டேன். வருகைப் பதிவில் அப்பழுக்கில்லாத ஊழியர் என்று ரிட்டயர்மென்ட் அன்று மேடையில் பாராட்டினார்கள்.

ஆகஸ்ட் 7, புதன்

மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டு, காற்று பிடித்திருக்கிறது என்றான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அண்ணனுக்கு மறுபடி போன். நேராகவே கேட்டேன். அந்தப் படத்தையும் அப்பா வியாழக்கிழமையே பார்த்திருந்தாரா?

மெல்லச் சொன்னான்.

"எனக்குத் தையில கல்யாணம் வெச்சிருந்துச்சு. பொண்ணு வீட்டுல ரெண்டு தடவ கேட்டுட்டாங்க, தங்கச்சி ஏன் இங்கயே இருக்குன்னு. அப்பா ராத்திரியெல்லாம் தூங்கல ஈஸ்வரி. அடிச்சு வெரட்ட அவருக்கு மனசு வரல. படத்தப் பாத்துட்டு வந்து, 'முடிவ மட்டும் நான் பாத்துக்கிடுறேன்'னாரு."

உனக்குத் தெரியுமா என்றேன். தெரியும் என்றான். இத்தனை வருஷமாகவா என்றேன். நீ நன்றாகத்தானே இருந்தாய், வேலை இருந்தது, வீடு கட்டினாய், பிள்ளை பெற்றாய் என்று அடுக்கினான். அண்ணி என்ன பண்ணுகிறாள் என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என் அப்பா ஒரு ரயிலையே மறைத்திருக்கிறார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது சொன்ன பொய்களுக்கு அவர் காலில் விழுந்து கும்பிடலாம். இந்த ஒன்றுக்கு மன்னிப்பு இல்லை. செத்தவரை மன்னித்தால் என்ன, மன்னிக்காவிட்டால் என்ன. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த அவர் போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டேன். அபி கேட்டதற்கு ஒட்டடை என்றேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அபி சொல்லிவிட்டாள்.

"நான் போகலம்மா. இங்கயே இருந்து வேலை பாத்துக்கறேன். எனக்கு அந்தச் சின்ன ரூம் போதும்."

நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன். நான்கா ஐந்தா என்று விட்டுப்போய்விட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரிசி குழைந்துவிடும் என்று சொன்னேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

இந்த மாப்பிள்ளையை நான்தான் பார்த்தேன். அபி இரண்டு முறை வேண்டாம் என்றாள். மூன்று நாள் சாப்பிடாமல் படுத்துக் கிடந்து சம்மதிக்க வைத்தேன். எண்ணூறு பேருக்குப் பத்திரிகை வைத்தேன். ஆபீஸ் முழுக்க மாப்பிள்ளையின் போட்டோவைக் காட்டினேன். இப்போது எதிர்வீட்டுப் பாண்டியம்மாளிடம் போய், வெளியே நிற்க வைத்தார், அதனால் வந்துவிட்டாள் என்று சொல்ல முடியுமா? நிற்க வைத்ததற்கா என்பாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

அது மட்டும் இல்லை. உள்ளதைச் சொன்னால் எனக்கு ஆத்திரமாக வருகிறது. ஒரு மணி நேரம். அதுவும் செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் போனோடு, மின்விசிறி இல்லாவிட்டாலும் நிழலில். அதற்கு வந்துவிடலாம் என்றால் நான் நின்றதெல்லாம் என்ன கணக்கு? ஆறு மாதத்தில் இவள் கண்டுபிடித்ததை நான் முப்பத்து மூன்று வருஷத்தில் கண்டுபிடிக்கவில்லை என்றால் நான் அடிமுட்டாள். அதை என் வயிற்றில் பிறந்தது வந்து நிரூபிக்க வேண்டுமா?

இந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். மை ஊறிப் பின்பக்கமும் கெட்டுவிடும். இருக்கட்டும்.

பெண் பிள்ளையைத் திட்டி அனுப்பினால் பாவம். தானாகப் போனால் நல்லது.

ஆகஸ்ட் 15, வியாழன்

விடுமுறை. அபிக்கு வேலை இல்லை. கடைசியாக ஒரு படம் பார்ப்போம், உன் அம்மாவின் வாழ்க்கையையே மாற்றிய படம் என்றேன். உடனே வந்து உட்கார்ந்தாள். என் மடியில் தலை வைத்துக்கொண்டாள். தலைக்கு எண்ணெய் தடவியபடி பார்த்தேன். மரத்திலிருந்து விழுகிறவனைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தோம். நல்ல மத்தியானம்.

வேப்பமரம் வரும் நேரம் தண்ணீர் குடிக்க எழுந்தேன். டிவிக்குப் பின்னால் மோடத்தின் வயர் இருக்கிறது. கொஞ்சம் இழுத்தாலே போதும். படம் நின்று வட்டம் சுற்றியது. நெட் போய்விட்டது, சுதந்திர தினம் இல்லையா, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்றேன்.

அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

சொன்னேன். வாசலில் அவன் காத்திருக்கிறான், ஓடிவந்து பெட்டியை வாங்குகிறான், உட்கார வைத்துக் கவளம் ஊட்டுகிறான். அப்பா சொன்னதைவிட நன்றாகவே சொன்னேன். நான் கூடுதலாக ஒன்று சேர்த்தேன், அவன் மாமியார் காலிலும் விழுவதாக. சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது. அது நடிப்பில்லை.

அபி கேட்டுக்கொண்டே படுத்திருந்தாள். முகம் டிவிப் பக்கம். "சரிம்மா. போறேன்" என்றாள்.

என் அப்பா செய்தது வேறு. அவர் மகனுக்காகச் செய்தார். நான் என் மகளின் நல்லதுக்காகவே செய்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடைசி ஆடி வெள்ளி. ஊரே இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பிவிட்டது. நான் போகவில்லை, வேலை தலைக்கு மேல். அதிரசம் நூறு, கைமுறுக்கு நூறு, சம்பந்தி வீட்டுக்குத் தனியாக ஒரு தூக்கு. சாம்பார்ப் பொடி அரைத்தேன். எத்தனை டம்ளர் பருப்புக்கு எவ்வளவு கல் உப்பு என்று அபியின் நோட்டில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தாள்.

நாளை ஆவணி ஒன்று, ஆனால் சனிக்கிழமை. சனியன்று பெண்ணை அனுப்பக் கூடாது. ஞாயிறு வருகிறார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

பதினோரு மணிக்கு வந்தார். எனக்கு ஒரு பட்டுப் புடவை. பாண்டியம்மாள் வாசலுக்கே வந்து பார்த்துவிட்டு, ராசா மாதிரி மாப்பிள்ளை என்றாள். சாப்பாடு முடிந்ததும் நல்ல நேரம் பார்த்துக் கிளப்பினேன். அவர் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தார். திருநீறு பூசிவிட அபியைப் பூஜை அறைக்குக் கூப்பிட்டேன்.

குனிந்தாள். பூசினேன். நிமிர்ந்து மெதுவாகப் பேசினாள். கோபமாகப் பேசியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

"அந்தப் படத்த ஆடிப்பெருக்கு அன்னிக்கே முழுசாப் பாத்துட்டேன்மா. ரூம்ல, போன்ல. சாவிய வெச்சுட்டுப் போயிருவா. நீயும் பாத்துட்டன்னு தெரியும், டிவி ஹிஸ்டரில இருந்துச்சு. கடைசி சீன் மூணு தடவ ஓடுனது ரூம் வரைக்கும் கேட்டுச்சு. நீ முடிவ எப்படிச் சொல்லப்போறேன்னு பாக்கத்தான் உன் மடியில படுத்திருந்தேன். நெஜத்தச் சொல்லியிருந்தீன்னா இங்கயே இருந்திருப்பேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஹாரன் அடித்தது. ஒரு தடவைதான், சின்னதாக. அவள் உடம்பு தூக்கிப்போட்டது. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள்.

கார் தெருமுனை திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். பாண்டியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

போய்ச் சேர்ந்தாயிற்று என்று மாப்பிள்ளை மெசேஜ் போட்டிருந்தார், கும்பிடுகிற கைப் படத்தோடு. அபிக்கு ஆறு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 21, புதன்

காலையிலேயே முடிவு செய்துவிட்டேன். என்னவெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். நான் பொய் சொன்னேன். அந்தச் சின்ன அறையை ஒழித்துப் பெருக்கிவிட்டேன். இன்றைக்கே கிளம்பி வா. பாண்டியம்மாளை நான் பார்த்துக்கொள்கிறேன். அவ்வளவுதான், நான்கு வரி.

சாயங்காலம் ஆறரைக்கு அபிக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. ஏழு மணிக்கு வேறு வழியில்லாமல் மாப்பிள்ளையின் நம்பருக்குப் போட்டேன். உடனே எடுத்தார். சாப்பிட்டீங்களா அத்தை, மூட்டுவலி எப்படி இருக்கு என்று அக்கறையாக விசாரித்தார். பின்னால் டிவி ஓடுகிற சத்தம். அபியின் போனும் அங்கேயேதான் இருக்கிறதாம், இனிமேல் கொடுத்தனுப்புவதில்லையாம்.

அபியிடம் கொஞ்சம் பேசணும் என்றேன்.

"அபி வெளிய நிக்கிறா அத்தை. இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. உள்ள வந்ததும் பேசச் சொல்றேன்."

ஒளிவு மறைவே இல்லாத குரல். குளிக்கிறாள், தூங்குகிறாள் என்று சொல்வது மாதிரி. அவளை அனுப்பிவைத்தவள் நான்தான் என்று அவருக்குத் தெரியும், என்னிடம் எதை மறைக்க வேண்டும்?

தாள் என் கையில்தான் இருந்தது. நான்கு வரியும் தெளிவாக இருந்தது.

"சரிங்க மாப்பிள்ளை" என்றேன்.